மூலையில் நின்றவர்கள் செத்தார்கள்: லெஃப்ட் 4 டெட் 2 டெமோவின் முதல் நாட்கள்

நியூ ஆர்லியன்ஸ் நகரம், பட்டப்பகல். நான்கு பேர் ஒரு ட்ரெய்லரின் கதவைத் திறக்கிறார்கள். அலாரம் ஊளையிடத் தொடங்குகிறது. நான்கு பேர் சேர்ந்து ஜாம்பிகளைச் சுட்டுத் தப்பிக்கிற வீடியோ விளையாட்டான முதல் லெஃப்ட் 4 டெட்டை ஒரு வருடமாக ஆடிப் பழகிய கைக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு பேரும் ஒரு மூலைக்குப் போய் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். முன்னால் இருவர் குனிந்துகொள்ள, பின்னால் இருவர் தலைக்கு மேல் சுடுவார்கள். ஜாம்பிகளின் அலை வந்து அடித்து ஓயும். அப்புறம் மருந்து, தோட்டா, அடுத்த அறை.

இந்த முறை, இரண்டாம் பாகத்தின் டெமோவில், அலை ஓயவில்லை. அலாரம் அடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் ஜாம்பிகள் வந்துகொண்டே இருக்கும். அதை அணைக்கிற இடமோ தூரத்தில், ஒரு கோபுரத்தின் மேல். நிற்கிற ஒவ்வொரு நொடியும் நஷ்டம்தான். மூலையில் நின்றவர்கள் மூலையிலேயே செத்தார்கள். பிறகு, எதற்காகச் செத்தோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

2009 அக்டோபர் கடைசி வாரத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கும், நவம்பர் முதல் வாரத்தில் மற்றவர்களுக்கும் வந்த அந்த டெமோவை, அதாவது முழு விளையாட்டு வருமுன் ஆடிப் பார்க்கத் தரப்பட்ட மாதிரித் துண்டைப் பற்றி ஆட்டக்காரர்கள் முதலில் என்ன நினைத்தார்கள், ஏன் அப்படி நினைத்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம். ஒரு டெமோவுக்கு இவ்வளவு நீளமான ஆய்வு தேவையா என்று கேட்டால், இந்த டெமோவுக்குத் தேவை. சாதாரணமாக ஒரு டெமோ ஆர்வத்தோடு காத்திருப்பவர்களிடம் போய்ச் சேரும். இது கோபத்தோடு காத்திருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

கோபத்தின் கணக்கு

முதல் லெஃப்ட் 4 டெட் வெளியானது 2008 நவம்பரில். டர்ட்டில் ராக் என்ற சிறிய ஸ்டுடியோவில் தொடங்கிய யோசனை அது. அந்த ஸ்டுடியோவை வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம் அதே வருடம் ஜனவரியில் வாங்கிக்கொண்டது. நான்கு பேர், நான்கு கேம்பெய்ன்கள் (பல மேப்கள், அதாவது ஆடுகளங்கள், சேர்ந்த கதைப் பயணங்கள்), கைவிரலில் எண்ணிவிடக்கூடிய துப்பாக்கிகள். உள்ளடக்கம் குறைவு என்ற பேச்சு அப்போதே இருந்தது. ஆனால் வால்வ் மீது ஆட்டக்காரர்களுக்கு இருந்த நம்பிக்கை பெரியது. வால்வின் இன்னொரு விளையாட்டான டீம் ஃபோர்ட்ரஸ் 2 வாங்கியவர்களுக்கு இலவசமாகப் புதுசு புதுசாக வந்துகொண்டிருந்தது. இதற்கும் அப்படியே வரும் என்று எல்லோரும் இருந்தார்கள். அந்த நம்பிக்கையை வளர்த்ததில் வால்வின் சொந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு.

2009 ஏப்ரலில் முதல் பாகத்துக்கு சர்வைவல் பேக் என்ற கூடுதல் இணைப்பு வந்தது. கலங்கரை விளக்கம் ஒன்றைச் சுற்றிய ஒரே ஒரு புது மேப். ஜூன் 1 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 வீடியோ விளையாட்டுக் கண்காட்சியில், இரண்டாம் பாகம் நவம்பர் 17 அன்று வெளியாகும் என்று அறிவித்தார்கள். முதல் பாகத்துக்கு ஒரு வயது முடிகிற நேரத்திலேயே தம்பி பிறக்கப்போகிறான்.

வால்வின் இணையக் கடையான ஸ்டீமிலேயே ஒரு புறக்கணிப்புக் குழு உருவானது. சில நாட்களில் பத்தாயிரம் பேர் சேர்ந்தார்கள், பின்னாளில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. அவர்களுடைய குறைகளை இன்று பார்த்தால் இரண்டு வகையான சரக்கு ஒரே கூடையில் கிடப்பது தெரியும். ஒன்று, வாக்கு பற்றியது: முதல் பாகத்துக்குத் தருவதாகச் சொன்னதைத் தரவில்லை, இப்போது ஆடுகிறவர்களின் கூட்டமும் இரண்டாகப் பிளந்துபோகும். இன்னொன்று, ரசனை பற்றியது: வெளிச்சம் அதிகம், புதிய நால்வரும் சப்பென்று இருக்கிறார்கள், ஜாம்பிக் கூட்டம் வரும்போது ஒலிக்கிற ஃபிடில் இசை பிடிக்கவில்லை. முதல் வகைக்கு எந்த டெமோவும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவது வகைக்கு டெமோவைத் தவிர வேறு எதுவும் பதில் சொல்ல முடியாது. கடைசி வரை இரண்டையும் சேர்த்தே பேசியதால்தான் அந்த விவாதம் அவ்வளவு குழம்பியது.

வால்வ் ஒரு சாமர்த்தியம் செய்தது. புறக்கணிப்புக் குழுவை நடத்திய இருவரைத் தன் அலுவலகத்துக்கே விமானத்தில் வரவழைத்து விளையாட வைத்தது. ஆடிப் பார்த்தவர்கள் நல்ல வார்த்தை சொன்னார்கள். உடனே 'விலை போய்விட்டார்கள்' என்று அவர்கள் மேலேயே சேறு விழுந்தது. செப்டம்பர் கடைசியில் முதல் பாகத்துக்கு க்ராஷ் கோர்ஸ் என்ற சிறிய கேம்பெய்ன் வந்தது, கணினிக்காரர்களுக்கு இலவசம், எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்குக் காசு. அக்டோபரில் குழு மூடப்பட்டது. ஆக, டெமோ வந்தபோது கொடி பிடிக்க ஆள் இல்லை. மனக்கசப்பு மட்டும் அப்படியே இருந்தது.

கண் முதலில் சொன்னது

டெமோவில் இருந்தது பாரிஷ் என்ற கேம்பெய்னின் ஒரு துண்டு, இரண்டு மேப்கள். முழு விளையாட்டில் இதுதான் ஐந்தாவது, கடைசிக் கேம்பெய்ன். ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் தொடங்குகிற பயணம் லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸில் முடிகிறது. ஃபிரெஞ்சு குவார்ட்டர் தெருக்கள், இரும்புக் கம்பி வேலைப்பாடுள்ள பால்கனிகள், வெயில்.

அந்த வெயில்தான் முதல் சண்டை. முதல் பாகத்தின் டெமோவில் கொடுத்தது நோ மெர்சி கேம்பெய்னின் ஆரம்பப் பகுதி: இரவு, ஆளில்லாத நகரம், டார்ச் விழுகிற வட்டம் மட்டும்தான் உலகம். அந்த வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதுதான் பயமே. அதற்குப் பழகியவர்களுக்கு, நிழல்கூட மஞ்சளாக விழுகிற இந்தத் தெரு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். 'இதில் பயமே இல்லை' என்பது முதல் நாளிலேயே எழுந்த குற்றச்சாட்டு.

அது பாதி சரி. பகலில் திடுக்கிடல் குறையும், மறுக்க முடியாது. ஆனால் பகல் வேறொன்றைச் செய்தது. முதல் பாகத்தில் கூட்டம் வருகிற சத்தம் முதலில் கேட்கும், உருவம் பிறகுதான் தெரியும். இங்கே தெருக்கோடியில் முப்பது பேர் வேலி தாண்டிக் குதித்து ஓடி வருவது முழுசாகத் தெரிகிறது. எவ்வளவு நேரம் இருக்கிறது, எத்தனை தோட்டா இருக்கிறது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பயத்தின் இடத்தில் பதற்றம் வந்து உட்கார்ந்துகொண்டது. எது உசத்தி என்பது அவரவர் ருசி. எனக்கு இன்றைக்கும் நோ மெர்சியின் இருட்டுதான் பிடிக்கும்.

கத்ரீனா புயல் அடித்து நான்கே வருடங்கள் ஆன ஊரில், கைவிட்டுப் போன அரசு நிவாரண முகாம்களையும் பிணங்களையும் வைத்து ஒரு சுடும் விளையாட்டு செய்யலாமா என்ற கேள்வி அமெரிக்கப் பத்திரிகைத் தளத்தில் டெமோவுக்கு முன்பே எழுந்திருந்தது. விளையாட்டில் வருகிற சேடா என்ற கற்பனை நிவாரண அமைப்பு ஃபெமா என்ற நிஜ அரசு நிவாரண அமைப்பைத்தான் குத்துகிறது என்று அமெரிக்கர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டெமோவை ஆடியவர்களில் பெரும்பாலோர் இதைக் கடந்து போய்விட்டார்கள். அவர்களுக்குக் கவனிக்க வேறு ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

சட்டி

அதுதான் வறுக்கிற சட்டி. கைப்பிடி நீளமான, கனமான இரும்புச் சட்டி. அதை எடுத்து ஓடிவருகிற ஜாம்பியின் மண்டையில் ஒன்று போட்டால் 'ணங்' என்று ஒரு சத்தம் வரும். டெமோவைப் பற்றிப் பேசிய யாரும் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசாமல் விட்டதில்லை. நம் ஊரில் பப்ஜி சட்டியைத் தெரியாத பையன்கள் கிடையாது; அதற்கு எட்டு வருடம் முன்பே வேறொரு சட்டி இப்படி ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தது. இந்தச் சட்டி பின்னால் டீம் ஃபோர்ட்ரஸ் 2-க்கும் குடிபெயர்ந்தது.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கைச்சண்டை ஆயுதம்தான் டெமோவின் முக்கியமான வடிவமைப்பு முடிவு. சட்டியோ கத்தியோ எடுத்தால் கைத்துப்பாக்கியை விட்டுவிட வேண்டும். முதல் பாகத்தில் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தீராது, தூரத்தில் தனியாக நிற்கிற ஜாம்பியைச் சாவகாசமாகச் சுட அதுதான் உதவும். அதைக் கொடுத்துவிட்டுச் சட்டி வாங்கினால், நெருங்கி வருவதைச் சமாளிக்கலாம், தூரத்தில் இருப்பதற்குப் பெரிய துப்பாக்கியின் தோட்டாவைச் செலவழிக்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் மட்டும் கைக்கு ஒரு துப்பாக்கி வரும். ஆக, எல்லோரும் சட்டி எடுத்த அணி முதல் பத்து நிமிடம் சந்தோஷமாகப் போகும், அப்புறம் தோட்டா இல்லாமல் திணறும். பேசி வைத்துக்கொண்டு இருவர் மட்டும் எடுத்த அணி போய்ச் சேரும்.

இதோடு இன்னொரு மாற்றமும் உண்டு. முதல் பாகத்தின் கேம்பெய்னில் துப்பாக்கிக் கட்டையால் ஜாம்பிகளைச் சலிக்காமல் தள்ளிக்கொண்டே இருக்கலாம். மூலையில் நிற்கிற உத்தி முழுக்க அந்தத் தள்ளலை நம்பித்தான் இருந்தது. இரண்டாம் பாகத்தில் நாலைந்து தடவை தள்ளினால் கை சோர்ந்துவிடும். பழைய ஆட்டக்காரர்கள் பலர் முதலில் இதை ஒரு கோளாறு என்றே நினைத்தார்கள்.

மூன்று புதியவர்கள், ஒரே வேலை

டெமோவை ஆடிய பழைய ஆட்களின் எரிச்சலை ஒரே இடத்தில் குவித்துச் சொல்ல வேண்டுமென்றால், அது புதிய மூன்று சிறப்பு ஜாம்பிகள் மேல்தான்.

ஸ்பிட்டர் தூரத்தில் இருந்து பச்சை அமிலத்தைத் துப்புவாள். விழுந்த இடம் முழுக்கப் பரவும், அதில் நிற்க நிற்க உயிர் வேகமாகக் குறையும். சார்ஜர் ஒரு கை மட்டும் பூதாகரமாக வீங்கியவன். மாடு முட்டுகிற மாதிரி நேர்கோட்டில் ஓடிவந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு போவான், வழியில் நிற்கிற மற்றவர்கள் சிதறி விழுவார்கள். ஜாக்கி கூனிய உடம்போடு சிரித்துக்கொண்டே முதுகில் ஏறி உட்கார்ந்து, தான் ஏறிய ஆளையே ஓட்டிக்கொண்டு போவான், அமிலத்துக்குள்ளோ, கூட்டத்துக்கு நடுவிலோ, மாடி விளிம்புக்கோ.

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இவை மூன்று வெவ்வேறு தொல்லைகள். சேர்த்துப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே வேலைதான்: நான்கு பேர் ஒரு மூலையில் ஒட்டி நிற்பதை உடைப்பது. அமிலம் மூலையைக் காலி செய்ய வைக்கும், சார்ஜர் மூலையைச் சிதறடிப்பான், ஜாக்கி மூலையில் இருந்து ஒருவரைப் பிரித்து எடுப்பான். இதன்மேல் ஓயாத அலாரத்தையும் சோர்ந்துபோகிற கையையும் வைத்துப் பாருங்கள். வால்வ் தன்னுடைய முந்தைய விளையாட்டில் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த ஒரு வழியை உட்கார்ந்து ஆராய்ந்து, அதை ஒவ்வொரு பக்கமாக அடைத்திருக்கிறது.

ஏன் அடைக்க வேண்டியிருந்தது என்பதற்கு இந்த விளையாட்டின் மூளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டைரக்டர் என்று அதற்குப் பெயர். ஜாம்பிகள் எங்கே, எப்போது, எத்தனை என்பதை மேப் செய்தவர் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரரின் பதற்றத்தையும் டைரக்டர் ஒரு எண்ணாகக் கணக்கு வைத்திருக்கும். அடி வாங்கினால், பக்கத்தில் ஜாம்பி விழுந்தால் எண் ஏறும். உச்சத்துக்குப் போனதும் மூன்று முதல் ஐந்து நொடி அங்கேயே பிடித்து வைத்து, பிறகு தணியவிட்டு, 30 முதல் 45 நொடி வரை மூச்சுவிட இடம் கொடுக்கும். முதல் பாகத்தை உருவாக்கிய மைக்கேல் பூத் 2009-இல் இதைப் பொதுவெளியில் விளக்கியிருக்கிறார். இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தைச் செய்து வைத்த பிறகு, மருத்துவமனை லிஃப்ட்டை வரவழைக்கிற பொத்தானை அழுத்திவிட்டு ஒரு சின்ன அறைக்குள் போய் எல்லோரும் தள்ளிக்கொண்டே நின்றால், அந்த இயந்திரத்துக்கு என்ன வேலை? எத்தனை ஜாம்பியை அனுப்பினாலும் எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அலாரப் பகுதி அந்த வாசலை எடுத்துவிட்டது.

கலவர போலீஸ் உடுப்பு போட்ட ஜாம்பிகளையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பாரிஷில் வருகிறவர்கள். முன்பக்கம் கவசம், தோட்டா ஏறாது. தள்ளித் திருப்பி முதுகில் சுட வேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவர் பின்னால் போய்ச் சுட வேண்டும். ஒருவர் பிடிக்க இன்னொருவர் அடிப்பது என்ற கூட்டாட்டத்தின் அடிப்படைப் பாடத்தை ஒரு உடுப்பை வைத்துச் சொல்லிவிட்டார்கள். டெமோவில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான், இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசினார்கள். சட்டிச் சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது.

இரண்டு பேர், இரண்டு டெமோ

ஒரே டெமோவை ஆடிய இருவர் இரண்டு வெவ்வேறு விளையாட்டுகளை விவரித்தது இதனால்தான். முதல் பாகத்தைத் தொடாத ஒருவர் வந்தால், அவருக்கு மூலைப் பழக்கம் கிடையாது. அலாரம் அடித்ததும் ஓடினார், ஜெயித்தார் அல்லது நல்லபடியாகச் செத்தார், 'அருமை' என்றார். முதல் பாகத்தைக் கடினமான நிலையில் ஆடித் தேர்ந்தவர் தன் திறமையே தன்னைக் கவிழ்ப்பதைப் பார்த்தார். அவருக்கு வந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம் பல நேரம் தவறு. 'சமநிலை இல்லை', 'ஜாக்கி அநியாயம்', 'வேண்டுமென்றே குழப்பம்' என்றெல்லாம் சொன்னார். ஒரு வருடமாகத் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய தன் கருவி இந்தப் பூட்டுக்குச் சேரவில்லை என்பதை முதல் ராத்திரியிலேயே ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்.

இன்னொரு ரகமும் இருந்தது: டெமோ பிடித்துப்போனதையே ஒரு துரோகமாக உணர்ந்தவர்கள். 'நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும்' என்று தொடங்குகிற ஆட்கள். இவர்களைக் கேலி செய்வது சுலபம், செய்யவும் செய்தார்கள். ஆனால் இவர்களுடைய வழக்கு அப்படியே நின்றது. 'இது முதல் பாகத்துக்கு இலவசமாகப் போட வேண்டிய மேப் மூட்டை' என்ற வாதத்தைத்தான் டெமோ உடைத்தது. கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியை அது தொடவே இல்லை. விளையாட்டு நன்றாக இருப்பதும் வியாபாரி சொன்ன சொல்லைக் காப்பதும் இரண்டு கணக்கு.

புதிய நால்வரைப் பற்றி டெமோவில் முடிவு சொல்ல முடியாமல்தான் இருந்தது. கோச், நிக், ரோஷெல், எல்லிஸ் ஆகிய இவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிப் பழகுவதே முழு விளையாட்டின் முதல் கேம்பெய்னில்தான். டெமோ கடைசிக் கேம்பெய்னில் இருந்து வெட்டியது. நடுவில் வந்து உட்கார்ந்த விருந்தாளி மாதிரி ஆட்டக்காரர்கள் இவர்களைப் பார்த்தார்கள். முதல் பாகத்தின் கிழவர் பில்லோடும் ஸோயியோடும் ஒரு வருடம் வாழ்ந்தவர்களுக்கு வெள்ளைக் கோட்டு நிக் அந்நியன்தான். எல்லிஸின் வாய் ஓயாத கதைகள் பிறகு எத்தனை பேருக்குப் பிடித்துப்போயின என்பதைப் பார்த்தால், பாத்திரங்களை எழுதிய விதத்தை இரண்டு மேப்பில் எடைபோட முடியாது என்பது புரியும்.

வெட்டப்பட்ட ஆஸ்திரேலியா

ஆஸ்திரேலியர்களின் கதை தனி. அங்கே அப்போது வீடியோ விளையாட்டுகளுக்கு 18 வயதுக்கு மேற்பட்டோர் என்ற தரமே கிடையாது. செப்டம்பரில் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்தது, மேல்முறையீடும் தோற்றது, வெட்டித் திருத்திய ஒரு பதிப்புக்கு மட்டும் 15 வயதுக்கான அனுமதி கிடைத்தது. அந்தப் பதிப்பில் அங்கங்கள் சிதறாது, விழுந்த உடல்கள் தரையைத் தொட்டதும் மறைந்துவிடும். இரத்தம் வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை: இரண்டாம் பாகத்தில் எங்கே சுட்டோமோ அங்கே காயம் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு முறையை வால்வ் செய்திருந்தது. குண்டு பட்டதா இல்லையா என்பதைக் கண்ணுக்குச் சொல்வதே அதுதான். அதை எடுத்தால் ரத்தத்தோடு தகவலும் போய்விடுகிறது. முழுப் பதிப்பு அங்கே அனுமதி பெற 2014 ஆனது.

அதற்குப் பிறகு

விளையாட்டு சொன்ன தேதியில், நவம்பர் 17 அன்று வந்தது. இரண்டு வாரத்தில் இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கிற மெட்டாகிரிட்டிக் தளத்தில் கணினிப் பதிப்புக்கு 89 மதிப்பெண். முதல் பாகத்துக்கும் அதே 89தான். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று புறக்கணித்தவர்கள் சொன்னதற்கு இதைவிட வேடிக்கையான ஆதாரம் கிடைக்காது.

கூட்டம் பிளந்துபோகும் என்ற பயம் என்ன ஆயிற்று என்று பார்த்தால், ஆரம்பத்தில் பிளந்தது, பிறகு அண்ணனைத் தம்பி விழுங்கிவிட்டான். 2010-இல் வந்த பாஸிங் கேம்பெய்னில் பழைய நால்வரும் புதிய நால்வரும் சந்தித்தார்கள், பில் மட்டும் பிணமாக. அதே வருடம் நோ மெர்சி இரண்டாம் பாகத்துக்குள் வந்தது, 2012-க்குள் முதல் பாகத்தின் எல்லாக் கேம்பெய்ன்களும் வந்து சேர்ந்தன. அந்த இருட்டு மருத்துவமனையில் இப்போது ஸ்பிட்டரும் சார்ஜரும் உலவுகிறார்கள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிற அறையில் முதுகை ஒட்டி நின்றால் காலுக்குக் கீழே பச்சை அமிலம் விரியும்.

2020 செப்டம்பரில் கடைசியாக ஒரு பெரிய அப்டேட் வந்தது. செய்தவர்கள் ரசிகர்கள், வால்வ் அனுமதி கொடுத்து வெளியிட்டது. அதில் இருந்த புதிய கேம்பெய்னின் பெயர் லாஸ்ட் ஸ்டாண்ட். 2009 ஏப்ரலில் 'இவ்வளவுதானா தருவீர்கள்' என்று கோபப்பட வைத்த அந்த ஒற்றை மேப் இருந்ததே, கலங்கரை விளக்கம், அதைத்தான் எடுத்து முழுக் கேம்பெய்னாக்கி இரண்டாம் பாகத்துக்குள் வைத்திருந்தார்கள்.